கோவைப்பழச் சிவப்பு

பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கம்பி வெட்டும் மெஷின் அலற ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓயாது. தெருவே காதைப் பொத்திக்கொண்டு திட்டுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்கு நடுவில் சோறு தின்றவள் நான். எனக்கு அது உறைப்பதில்லை.

போன வாரம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கம்பி வெட்டிக்கொண்டிருந்த பையன் விழுந்த துண்டை அவசரத்தில் கையால் எடுத்துவிட்டான். வெட்டுவாய் சுட்டதும் "யம்மா" என்று அலறிக்கொண்டே பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டான். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து அந்த வாசனை மாடிக்கு ஏறி வந்தது. சுட்ட இரும்பு தண்ணீர் குடிக்கும்போது வருகிற வாசனை. கரியும் துருவும் ஈரமண்ணும் சேர்ந்த மாதிரி இருக்கும். கையில் கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டேன். என் அப்பாவின் பட்டறை வாசனை அது.

எங்கள் ஊர் வைகைக் கரையில், திருப்பாச்சேத்திக்குப் பக்கம். அருவாளுக்குப் பேர்போன வட்டாரம். சினிமாக்காரர்கள் அந்தப் பேரையே படத்துக்கு வைத்த பிறகு, வெளியூரில் ஊர்ப்பேரைச் சொன்னால் ஒரு அடி தள்ளி நின்று பேசுகிறார்கள். உண்மையில் அப்பா அடித்ததில் முக்கால்வாசி கதிர் அரிவாளும் மண்வெட்டியும்தான். சீமைக் கருவேலம் வெட்டுகிறவர்கள் வெட்டருவாள் கேட்டு வருவார்கள். கல்லுடைக்கிறவர்கள் மழுங்கின உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் கொட்டுவார்கள். கூலி பெரும்பாலும் காசாக வராது. அறுப்பு முடிந்ததும் களத்துக்குப் போனால், வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளந்து போடுவார்கள். அப்பாவுக்கு அங்கே போய் நிற்கக் கூச்சம். அம்மாதான் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவாள். நான் வேலைக்குப் போன காலத்தில் களத்து நெல் நின்றே போயிருந்தது. கடையில் பட்டை போட்டுத் தொங்குகிற மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, பிடி போடுவதற்கு மட்டும் அப்பாவிடம் வந்தார்கள்.

பட்டறை என்றால் வேப்பமரத்தடியில் ஒரு கூரை. அப்பா கையில் குறடும் சின்னச் சுத்தியலும். சம்மட்டி அம்மா கையில். இதை நான் பாலிடெக்னிக்கில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அப்பா சுத்தியலால் தட்டிக் காட்டுகிற இடத்தில் அம்மாவின் சம்மட்டி விழும். அவர் பட்டடையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதைவிட அப்படிப் பேசிக்கொண்டதுதான் அதிகம். துருத்தி என் பங்கு. பிற்பாடு கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரம் வந்தது, அப்போதும் என் பங்குதான்.

அடிக்கிற வேலை பகலில். தொவச்சல் போடுகிற வேலை மட்டும் விடியுமுன்னே. நாலரை மணிக்கு அப்பா என் காலைச் சுரண்டி எழுப்புவார். ஏன் இந்த நேரத்தில் என்று அழுதிருக்கிறேன்.

"பகல்ல இரும்பு பொய் சொல்லும் தாயி. இருட்டுலதான் அதோட நெறம் தெரியும்."

லாரியின் பழைய வில்பட்டையை வெட்டி அடித்த அருவாள் உலையில் கிடக்கும். முதலில் கறுப்பு. அப்புறம், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சிவப்பு. பிறகு கோவைப்பழம். நன்றாகப் பழுத்து, கிளி கொத்தப்போகிற கோவைப்பழத்தின் சிவப்பு. அதற்கு முன்னால் எடுத்தால் தொவச்சல் ஏறாது. அதைத் தாண்டி மஞ்சளுக்குப் போய்விட்டால் இரும்பு வெந்துபோகும் என்பார். கோவைப்பழம் வந்ததும் குறட்டால் எடுத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் உப்புப் போட்ட தண்ணீரில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு முக்குவார். முதுகு தண்ணீரில் படாது. சுர்ரென்று ஆவி எழும். அந்த வாசனை கூரைக்குள் நிற்கும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். தண்ணீரிலிருந்து எடுத்ததும் செங்கல் துண்டால் வாயை நாலு தேய் தேய்ப்பார். கரி போய் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். முதுகில் இன்னும் சூடு மிச்சம் இருக்கிறது அல்லவா, அது மெதுவாக வாய்ப்பக்கம் இறங்கி வரும். அது வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளியின் மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். பின்னாலேயே கருப்பட்டி நிறம். அதற்குப் பின்னால் நாவல்பழம், கடைசியில் மயில்கழுத்து. வரிசை மாறவே மாறாது. அரிவாள் என்றால் வைக்கோல் கருப்பட்டியாகிற நேரத்தில் முழுதாகத் தண்ணீரில் போட்டுவிடுவார். கல்லில் அடி வாங்குகிற உளிக்கு இன்னும் கொஞ்சம் விட்டு, நாவல்பழம் வரப் பார்த்திருப்பார். அந்த நிறம் ஓடுகிற நேரத்தில் யாரும் பேசக் கூடாது. ஒரு தடவை நான் தும்மிவிட்டேன், அவர் தலை திரும்பியது, ஒரு வெட்டருவாள் நீலத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

நிறம் ஓட விடாமல், முதல் முக்கோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு உளியை அப்படியே நிறுத்தி, கல்லில் ஓங்கி அடித்துக் காட்டினார். முனை அப்பளமாகத் தெறித்தது. "கோவத்தோட நிக்குது. உள்ள இருக்குற சூடு வந்து அதை ஆத்தணும்" என்றார். அரம் போட வேண்டிய இரும்பு என்றால் நேர்மாறான வேலை. சிவக்கக் காய்ச்சி, உலைச் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுவார். காலையில் வெதுவெதுப்பாக இருக்கும், வெண்ணெயாக அரம் இறங்கும். அதே பட்டை, அதே உலை. தண்ணீரில் போட்டால் ஒரு குணம், சாம்பலில் போட்டால் ஒரு குணம்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். இரும்புக்கு ஒரே ஒரு பாடம்தான். ஆசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு, 727 டிகிரிக்கு மேல் இரும்பின் உள்கட்டு மாறும், அப்போது கரி அதில் கரையும், சட்டென்று குளிர்ந்தால் கரிக்கு வெளியேற நேரமில்லாமல் சிக்கிக்கொள்ளும், அந்த இறுக்கம்தான் கடினம், ஜெர்மன்காரர் ஒருவர் பெயரால் அதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். மறுபடி 200லிருந்து 300 டிகிரிக்குள் சூடாக்கினால் இறுக்கம் தளரும், மேலே நிறங்கள் தோன்றும். வகுப்பில் ஐம்பது பேர் தூங்கி வழிந்தார்கள். நான் ஒருத்திதான் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "என்ன டிகிரி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி, அவங்களுக்குக் கணக்கு வேணும்ல" என்றார்.

வேலை கிடைத்தது இரும்பில் இல்லை, கான்கிரீட்டில். ஒரு பாலத்து வேலையின் சோதனைக்கூடம். கூடம் என்றால் தகரக் கொட்டகை. சல்லடைகள், ஒரு தராசு, கியூப் நசுக்கும் மெஷின், மூலையில் சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற அரசாங்கப் பொறியாளர், வெற்றிலை போடுகிறவர். முதல் நாள் என்னிடம் கேட்டது: "சோறு வடிக்கத் தெரியுமாம்மா?" பெண்பிள்ளை என்பதால் கேலி செய்கிறார் என்று முகம் சிவந்தது. அவர் விடாமல், "பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் ஒரே தண்ணியா வைப்பே?" என்றார். மாட்டேன் என்றேன். "அப்ப உனக்கு மிக்ஸ் டிசைன் வரும்" என்று உள்ளே போய்விட்டார்.

அந்தக் காலத்தில் வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வாய்ப்பாடு ஒண்ணு ரெண்டு நாலு. ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. ஒரு மூட்டை சிமென்ட் 35 லிட்டர் என்று கணக்கு. அந்த அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருப்பார்கள். பெட்டியால் அள்ளிக் கொட்ட வேண்டியது. எந்த ஆற்று மணல், ஜல்லி எவ்வளவு தட்டை, மழை பெய்ததா என்று யாரும் கேட்பதில்லை. மிக்ஸ் டிசைன் என்பது அந்தக் கேள்விகளை எல்லாம் கேட்பதுதான். மணலைச் சலித்து எந்த அளவு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். ஜல்லி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று ஊறவைத்து நிறுக்க வேண்டும். அப்புறம் கணக்குப் போட்டு, கொஞ்சமாகக் கலந்து பார்த்து, கியூப் போட்டு, 28 நாள் காத்திருக்க வேண்டும். கணக்குக்கான இந்திய வழிமுறை 1982இல் தனியாக ஐஎஸ் 10262 என்று வந்திருந்தது. சார் அதைச் செய்தித்தாளில் அட்டை போட்டு, அலமாரியில் பஞ்சாங்கத்தோடு வைத்திருந்தார்.

எம் 20 கான்கிரீட் என்றால் 150 மில்லிமீட்டர் கியூப் ஒன்று 28ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். முழுக் கியூபுக்கு அது சுமார் 46 டன். ஆனால் நாம் 20க்குக் குறிவைத்தால் பாதிக் கியூபுகள் கீழே விழும். அதனால் 26.6க்குக் குறிவைப்போம், அப்போதுதான் நூற்றில் ஐந்துக்கு மேல் தவறாது. இந்த ஐந்தைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். நூற்றில் ஐந்து தவறலாம் என்று எழுதி வைத்துக்கொண்டா பாலம் கட்டுகிறோம்? சார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "தவறாதுன்னு சொல்றவன் கிட்டதான் பயப்படணும்" என்றார். அப்பாவும் பத்து அருவாளுக்கு ஒன்றை உலையிலேயே திருப்பிப் போடுகிறவர்தான். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நல்ல கியூப் உடைகிற அழகே தனி. மெஷினின் முள் ஏறிக்கொண்டே போகும், ஓரங்களில் பொறிப்பொறியாகச் சில்லு தெறிக்கும், ஒரு 'டப்'. எடுத்துத் தட்டினால் நாலு பக்கமும் உதிர்ந்து, நடுவில் உடுக்கை மாதிரி ஒரு உருவம் நிற்கும். ஒரே பக்கமாகப் பிளந்துகொண்டு போனால் கியூபைச் சரியாகப் போடவில்லை, அல்லது மெஷினில் கோணலாக வைத்துவிட்டோம் என்று அர்த்தம். உடுக்கை விழுந்தால் சார் ஒரு வெற்றிலை எனக்கும் நீட்டுவார். நான் வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுவேன்.

தண்ணீர்தான் தினசரிச் சண்டை. ஒரு மூட்டை சிமென்ட், 50 கிலோ, முழுக்க வேலை செய்து முடிக்க ஏறக்குறைய 19 லிட்டர் போதும். மீதித் தண்ணீர் எல்லாம் கலவை கம்பிகளுக்கு நடுவே இறங்கிப் போவதற்காக நாம் கொடுக்கிற கடன். வேலை முடிந்து அந்தத் தண்ணீர் போனதும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். 25 லிட்டர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், மிக்சர் அருகே நிற்கிற ஆள் நான் திரும்புகிற நேரம் பார்த்து இன்னொரு வாளியைக் கவிழ்த்திருப்பான். பத்து லிட்டர், 0.5ஆக இருந்த விகிதம் 0.7. வலிமையில் மூன்றில் ஒரு பங்காவது போயிற்று. 1918இலேயே சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கில் உடைத்துப் பார்த்து இதைச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சித்தாள் ஒருத்தியின் தலையில் பாண்டை ஏற்றிவிட்டிருக்க மாட்டார். கெட்டிக் கலவை தலையில் கனக்கும், பாண்டில் ஒட்டும், கொட்டினால் விழாது, வேலை இழுக்கும். "நீங்க எழுதிட்டுப் போயிருவீங்கம்மா, சொமக்குறது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. வைப்ரேட்டரை ஒழுங்காகப் பிடித்தால் கெட்டிக் கலவையே இறங்கும் என்று நான் சொன்ன பதில் அவளுக்கானது இல்லை என்று எனக்கே தெரியும்.

மணலிடம் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஐப்பசி அடைமழைக்கு மறுநாள். மேஸ்திரி, அப்பா வயதுக்காரர், பெட்டி பெட்டியாக மணலை அளந்து கொட்டிக்கொண்டிருந்தார். மணல் ஈரம், நிறுத்துங்கள் என்றேன். "ஈரமா இருந்தா கனமாத்தானம்மா இருக்கும், பொட்டி பொட்டிதான?" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வாங்கி, அந்த ஈர மணலை அமுக்காமல் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினேன். மேலே தண்ணீரை ஊற்றி, கம்பியால் நன்றாகக் கலக்கிவிட்டேன். மணல் கண்முன்னாலேயே இறங்கிப் பதினாறில் நின்றது. கொஞ்சம் ஈரம் பட்டால் மணல் ஒவ்வொன்றும் தண்ணீர்ச் சட்டை போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்கும். பெட்டி நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே மணல் குறைவு. முழுக்க நனைந்துவிட்டால் சட்டை கழன்று மறுபடி நெருங்கி உட்காரும். மேஸ்திரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா, நாப்பது வருசமா ஏமாத்திருக்குது" என்றார். அன்றிலிருந்து மழைக்கு மறுநாள் அவரே பாட்டிலைத் தேடுவார். அந்தப் பாட்டில் உடைகிற வரைக்கும் அது அவருடைய பாட்டிலாகத்தான் இருந்தது.

அப்போது எங்கள் வேலையிடத்துக் கம்பி முறுக்குக் கம்பி. கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கி வலுவேற்றியது. உடம்பில் கொடி மாதிரி வரிகள் சுற்றிக்கொண்டு போகும். டார் கம்பி என்பார்கள். அதற்கு முந்தைய தலைமுறை வழுவழுப்பான சாதாக் கம்பி, முனைகளில் கொக்கி வளைத்திருக்கும். அந்தச் சாதாக் கம்பியில் கை பழகிய கம்பி வேலைக்காரர்கள், தடிக் கம்பி வளையவில்லை என்றால் காய்ச்சி வளைப்பார்கள். சாதாக் கம்பிக்கு அது பெரிய குற்றமில்லை. காய்ச்சி ஆறவிட்டாலும் அது அதே சாதாக் கம்பிதான். முறுக்குக் கம்பியைக் காய்ச்சினால் முறுக்கு ஏற்றிய வலு இறங்கிவிடும். தொண்ணூறுகளில் டிஎம்டி கம்பி வந்தது. வரிகள் நேராக ஓடின, முறுக்கு இல்லை. "பழையபடி சாதாக் கம்பி மாதிரித்தான் இருக்குது" என்று ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தக் கம்பி எப்படி வருகிறது என்று பார்க்க ஒரு தடவை ரோலிங் மில்லுக்கு அனுப்பினார்கள். நாலைந்து பொறியாளர்கள், தலையில் மஞ்சள் தொப்பி. மில்லுக்குள் வெளிச்சம் குறைவு. கடைசி உருளையிலிருந்து கம்பி சாரைப்பாம்பாகச் சீறி வந்தது, ஆயிரம் டிகிரியை ஒட்டின சூடு. வந்த வேகத்தில் ஒரு நீளமான குழாய்க்குள் புகுந்தது. உள்ளே நாலாப்பக்கமும் தண்ணீர் பீய்ச்சுகிறது. கண் இமைக்கிற நேரம்தான். மறுமுனையில் கறுத்துப்போய் வெளியே வந்தது. குளிர்பரப்பில் போய் விழுந்தது. கூட வந்தவர்கள் அடுத்த மெஷினைப் பார்க்க நகர்ந்துவிட்டார்கள். நான் நின்றேன். கறுத்த கம்பி, அப்படியே கிடந்தபடி, மெல்ல மறுபடி சிவந்தது. யாரும் அதைத் தீயில் வைக்கவில்லை. உள்ளே இருந்த சூடு வெளியே வந்து கொண்டிருந்தது.

நாலரை மணிக்கு எழுந்து நான் துருத்தி ஊதிப் பார்த்த அதே வேலை. வாயை மட்டும் முக்கி, முதுகுச் சூட்டை இறங்கவிட்டு ஆற்றுகிற வேலை. இங்கே முதுகுக்குப் பதில் கம்பியின் நடு, வாய்க்குப் பதில் அதன் மேல்தோல். எழுபதுகளில் பெல்ஜியத்தில், லியேஜ் நகரத்து ஆய்வு மையம் ஒன்றில் இந்த முறையை உருவாக்கினார்கள் என்று மில் மேலாளர் விளக்கிக்கொண்டிருந்தார். மேல்தோல் ஆறி நிற்கிற சூடு சுமார் 600 டிகிரி, அருவாளைவிட ரொம்ப அதிகம், அதனால் மிருதுவும் அதிகம் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வரும்போது ஒரு 20 மில்லிமீட்டர் கம்பித் துண்டைக் கேட்டு வாங்கிவந்தேன். வெட்டுமுகத்தை வழவழப்பாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தொட்டு வைத்தால், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி ஓரத்தில் ஒரு கருவளையம் தெரியும். உள்ளே வெளிறின வட்டம். கருவளையம் தொவச்சல் ஏறி ஆறின பகுதி. நடு, மெதுவாகக் குளிர்ந்த மிருது இரும்பு. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் வளையத்தைச் சுரண்டினார், நடுவைச் சுரண்டினார்.

"வெளிய தொவச்சல், உள்ள பச்சிரும்பு. எந்த ஊரு ஆசாரி?"

ஆசாரி இல்லை அப்பா, மில்லில் மெஷின் செய்கிறது என்றேன். நம்பினாரா தெரியவில்லை. துண்டைத் திருப்பித் தரவில்லை. கல்லாப்பெட்டி மாதிரி வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

அது தெரிந்திருந்ததால்தான் பிற்பாடு ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தில் நான் அவ்வளவு கத்தினேன். யாருடைய கட்டடம், எந்த ஒப்பந்தக்காரர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். தூணுக்கு விட்ட கம்பிகள் இடம் தப்பி வெளியே நின்றன. நான் போனபோது கேஸ் வைத்துக் கம்பியின் அடியைச் சிவக்கக் காய்ச்சி, குழாயை மாட்டி இழுத்து வளைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தூண் முடிந்திருந்தது. வளைத்தவர் அனுபவசாலி, ரொம்பக் கோபப்பட்டார். "எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான் வளைக்கிறோம்." அவர் அப்பா காலத்துக் கம்பி வேறு. அதை அங்கே நின்று எப்படிச் சொல்வது? மீதிக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அதே மாதிரிக் காய்ச்சி ஆறவிடச் சொல்லி, இரண்டையும் இழுவிசை மெஷினில் மாட்டிக் காட்டினேன். சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் காட்ட வேண்டிய கம்பி. காய்ச்சாத துண்டு அதைத் தாண்டிப் போயிற்று, காய்ச்சினது 400ஐக்கூடத் தொடவில்லை. கருவளையமும் காணாமல் போயிருந்தது. இரண்டு தூணின் கம்பிகளையும் மாற்றிப் போடச் செலவு யார் கணக்கில் என்று ஒரு மாதம் கடிதம் போய்வந்தது. வளைத்தவருக்கு ஒரு வாரக் கூலி பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை நான் தடுத்திருக்க வேண்டும். கம்பி மாறிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மூட்டை மூட்டையாக விளம்பரம் வந்ததே தவிர, அவர் கைக்குப் போய்ச் சேர்கிற மாதிரி ஒரு வார்த்தை வரவில்லை.

தளம் போடுகிற நாள் அப்போதெல்லாம் ஒரு கல்யாணம். விடியற்காலையில் மிக்சருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். ஐம்பது அறுபது பேர் சாரத்தில் வரிசையாக நின்று கைமாற்றிப் பாண்டுகளை ஏற்றுவார்கள். மதியம் வீட்டுக்காரர் செலவில் கறிச்சோறு. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசிப் பாண்டு ஏறும்போது ஒரு குலவை. இப்போது பக்கத்து வீட்டில் போன மாதம் தளம் போட்டார்கள். ரெடிமிக்ஸ் லாரி வந்தது, பம்ப் குழாய் யானைத் தும்பிக்கையாக வளைந்து மேலே போனது, எட்டுப் பேர், மூன்று மணி நேரம், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். கலவை கணினிக் கணக்கில் ஆலையிலேயே நிறுத்துப் போடப்பட்டு வருகிறது. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட். எல்லாம் நல்லதுதான். ஆனாலும் லாரியின் கிளீனர் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைச் சுழலும் டிரம்முக்குள் சொருகப் போனபோது, மாடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

வாளியில் விழுந்த அந்தத் துண்டை அன்றைக்குச் சாயந்தரமே போய்க் கேட்டேன். பையன் விசித்திரமாகப் பார்த்தான். "எதுக்கு ஆண்ட்டி?" பேப்பர் பறக்காமல் வைக்க என்றேன். பழைய சோதனைக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல கம்பி. வளையம் எங்கும் அறுபடாமல் சுற்றி வந்திருக்கிறது. அப்பாவின் தகரப்பெட்டித் துண்டு அவர் போன பிறகு என்னிடம் திரும்பி வந்தது. இரண்டும் இப்போது மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்பா நகத்தால் சுரண்டின கீறல் எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நேற்று சாயந்தரம் பார்த்தேன், மேல்மாடித் தூண்களில் சுற்றின சாக்கு வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. சுண்டினால் தூசி பறக்கும் போல. வாட்ச்மேன் கீழே கட்டிலில் படுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மாடிக் குழாயில் செடிக்கு ஊற்றுகிற டியூபை மாட்டி, கைப்பிடிச் சுவருக்கு மேலால் நீட்டி, எட்டுகிற மூன்று தூண்களுக்கும் பீய்ச்சினேன். பகல் முழுக்க வெயில் குடித்த சாக்கு. நனைந்ததும் சணலும் சிமென்ட்டும் கலந்து ஒரு வாடை எழுந்தது. சத்தம் கேட்டு அவர் எழுந்து மேலே பார்த்தார்.

"ஏழு நாள் முடிஞ்சு போச்சும்மா. மேஸ்திரி போதும்னுட்டாரு."

"மூட்டையில என்ன போட்டிருக்குன்னு பாருங்கண்ணே. பிபிசின்னு இருக்கா?"

அவர் வெற்று மூட்டை ஒன்றைத் தேடிப் புரட்டினார். இருக்கிறது என்று தலையாட்டினார்.

"சாம்பல் கலந்த சிமென்ட்டு. ஏழு நாளு பழைய சிமென்ட்டுக்கு. இதுக்குப் பத்து."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு, எனக்கு எட்டாத நாலாவது தூணுக்கு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.